பங்கு ஏறுமா இறங்குமா என்பது இந்தப் படிப்பின் கேள்வியே இல்லை

கேள்வியைச் சுருக்கமாக இங்கே வைத்துவிடுகிறேன்: "எம்.எஸ்சி. கணிதம் முடிக்கப்போகிறேன். ரியல் அனாலிசிஸ், லீனியர் அல்ஜீப்ரா நன்றாக வரும். நிதித்துறை பற்றி ஒன்றும் தெரியாது. மேத்தமேட்டிகல் ஃபைனான்ஸ், ஸ்டொகாஸ்டிக் மாடலிங் பக்கம் மேற்படிப்புக்குப் போகலாமா? மெஷர் தியரி நிஜமாகவே தேவையா, பைதான் தெரிந்தால் போதாதா? எந்த மாதிரிப் படிப்பில் சேர்வது?"

தாராளமாகப் போகலாம். நிதி தெரியாதது ஒரு குறையே இல்லை. பங்குச்சந்தையில் நாலு வருடம் கை நனைத்துவிட்டு வருபவர்களுக்குத்தான் முதல் பருவம் கஷ்டம். விலை எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று கண்டுபிடிக்கக் கற்றுத்தருவார்கள் என நினைத்து வந்திருப்பார்கள். வகுப்பில் அந்தப் பேச்சே வராது. விலை எங்கே போகும் என்று தெரியாத நிலையிலும் ஓர் ஒப்பந்தத்துக்குச் சரியான விலை சொல்ல முடியுமா என்பதுதான் அங்கே கேட்கப்படும் கேள்வி. இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் உழைப்பு மட்டும்தான்.

ஒரு கணக்கைப் பேப்பரில் போட்டுப் பாருங்கள். இன்று 100 ரூபாயில் இருக்கும் பங்கு நாளை 120 ஆகும் அல்லது 90 ஆகும். மூன்றாவது வாய்ப்பு கிடையாது. வட்டி பூஜ்யம் என்று வைத்துக்கொள்வோம். நாளை 105 ரூபாய்க்கு அந்தப் பங்கை வாங்கிக்கொள்ளும் உரிமை, அதாவது ஒரு கால் ஆப்ஷன், உங்களிடம் இருக்கிறது. ஏறினால் அதன் மதிப்பு 15, இறங்கினால் பூஜ்யம். இன்று அதற்கு என்ன விலை?

பங்கு ஏற 80 சதவீத வாய்ப்பு என்று ஒருவர் உறுதியாக நம்புகிறார். 15ஐ 0.8ஆல் பெருக்கி 12 ரூபாய் என்பார். புள்ளியியல் படித்த யாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். ஆனால் வேறு வழியில் யோசியுங்கள். 45 ரூபாய் கடன் வாங்கி, கையிலிருந்து 5 ரூபாய் போட்டு, 50 ரூபாய்க்கு அரைப் பங்கு வாங்குகிறேன். நாளை ஏறினால் அரைப் பங்கு 60. கடன் 45 போக மிச்சம் 15. இறங்கினால் அரைப் பங்கு 45; கடனைக் கட்டினால் மிச்சம் பூஜ்யம். ஆப்ஷன் கொடுப்பதை அப்படியே இதுவும் கொடுக்கிறது, அதுவும் 5 ரூபாயில். அந்த 12 ரூபாய்க்காரருக்கு நான் ஆப்ஷனை விற்றுவிட்டு, 5 ரூபாயில் இதைச் செய்துகொண்டால், சந்தை எந்தப் பக்கம் போனாலும் 7 ரூபாய் என் பையில். ஆகவே விலை 5 தான். அந்த 80 சதவீதம் கணக்குக்குள் வரவே இல்லை.

இதே 5ஐ வேறு விதமாகவும் எடுக்கலாம். ஏறும் வாய்ப்பை மூன்றில் ஒன்று, இறங்கும் வாய்ப்பை மூன்றில் இரண்டு என்று மாற்றிவைத்தால், பங்கின் நாளைய சராசரி சரியாக 100, அதாவது இன்றைய விலை. அந்த வாய்ப்புகளின்படி ஆப்ஷனின் சராசரி, 15ல் மூன்றில் ஒரு பங்கு: 5. மூன்றில் ஒன்று என்பது யாருடைய நம்பிக்கையும் அல்ல. விலையிலிருந்து பின்னோக்கிப் பிழிந்தெடுத்த எண். இதை ரிஸ்க் நியூட்ரல் நிகழ்தகவு என்பார்கள். சராசரி மாறாமல் இருக்கும் இப்படிப்பட்ட ஓட்டத்துக்கு மார்ட்டிங்கேல் என்று பெயர். ஹாரிசனும் கிரெப்ஸும் 1979லும், ஹாரிசனும் பிளிஸ்காவும் 1981லும் எழுதிய கட்டுரைகள் இந்தச் சின்னக் கணக்கைப் பொதுக் கோட்பாடாக்கின. ரிஸ்க் இல்லாமல் காசு பார்க்க வழியில்லாத சந்தையில் இப்படி ஒரு நிகழ்தகவு இருக்கும் என்பது அதன் சாரம். டெல்பேனும் ஷாகர்மயரும் 1994ல் அதை மிகப் பொதுவான வடிவில் நிறுவினார்கள். அந்த நிறுவலை முதல் வருடத்தில் வரி வரியாகப் படிக்க வேண்டாம். வாரங்கள் போய்விடும்.

இனி மெஷர் தியரி, அதாவது நிகழ்தகவுகளை எடைகளாகப் பார்க்கும் கணிதம். மேலே என்ன செய்தோம்? நடக்கக்கூடியவை அதே இரண்டு. அவற்றின் எடையை மட்டும் மாற்றினோம். 80 சதவீதத்தை மூன்றில் ஒன்றாக்க 5/12ஆல் பெருக்க வேண்டும், 20 சதவீதத்தை மூன்றில் இரண்டாக்க 10/3ஆல். இந்த இரண்டு எண்களும் சேர்ந்ததுதான் ரேடான்–நிக்கோடிம் வகைக்கெழு. எம்.எஸ்சி.யில் பரீட்சைக்காக மனப்பாடம் செய்த அதே சமாசாரம். இரண்டே பாதை என்றால் பள்ளிக்கூடப் பெருக்கல் போதும். விலை தொடர்ச்சியாக ஆடும்போது எண்ணிலடங்காத பாதைகள். ஒவ்வொரு பாதையின் நிகழ்தகவும் பூஜ்யம். பூஜ்யத்தை எதால் பெருக்குவது? அங்கேதான் மெஷர் தியரி இல்லாமல் ஓரடி நகர முடியாது. ஒரு பிரௌனியன் இயக்கத்தின் (தொடர்ச்சியாக ஆடும் சமவாய்ப்பு நடை, கீழே வருகிறது) சாய்வை மாற்ற என்ன எடை போட வேண்டும் என்று கிர்சனோவ் 1960ல் எழுதிவைத்தார். ஆப்ஷன் விலையிடும் பாடம் முழுக்க அந்தத் தேற்றம் நிழல்போல வந்துகொண்டே இருக்கும்.

மெஷர் தியரி தேவைப்படும் இன்னோர் இடம் நிபந்தனை எதிர்பார்ப்பு. என் பார்வையில் முழுப் படிப்பிலும் அதிகம் வழுக்கும் இடம் இது. ஒரு நாணயத்தை மூன்று முறை சுண்டுகிறோம், ஒவ்வொரு தலைக்கும் ஒரு ரூபாய். தொடங்கும் முன் எதிர்பார்ப்பு ஒன்றரை ரூபாய். முதல் சுண்டல் முடிந்ததும்? தலை விழுந்திருந்தால் இரண்டு, பூ விழுந்திருந்தால் ஒன்று. ஆக, "முதல் சுண்டலை அறிந்த பிறகான எதிர்பார்ப்பு" என்பது ஓர் எண் இல்லை. அதுவே ஒரு சமவாய்ப்பு மாறி. புத்தகத்தில் சிக்மா அல்ஜீப்ரா என்று வறட்டு வரையறையாக இருப்பது நிஜத்தில் "இந்த நேரம்வரை நமக்குத் தெரிந்தவை" என்பதன் பட்டியல்தான். இந்த ஒரு வரியை யாராவது எனக்கு முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு பருவம் மிச்சமாகியிருக்கும்.

சரி, அடுத்தது ஸ்டொகாஸ்டிக் கால்குலஸ். சாதாரண கால்குலஸ் ஏன் போதாது என்பதையும் கையால் செய்துதான் பார்க்க வேண்டும். ஒரு மணி நேரத்தை நூறு துண்டாக்குங்கள். வழுவழுப்பான ஒரு வளைகோட்டில் ஒவ்வொரு துண்டிலும் நகர்வு நூறில் ஒன்று அளவுக்கு இருக்கும். வர்க்கப்படுத்திக் கூட்டினால் மொத்தம் நூறில் ஒன்று. துண்டுகளைப் பெருக்கப் பெருக்க அது பூஜ்யத்தை நோக்கிப் போகும். டெய்லர் தொடரின் இரண்டாம் உறுப்பை நாம் கண்டுகொள்ளாமல் விடுவது இந்தத் தைரியத்தில்தான். இப்போது ஒவ்வொரு துண்டிலும் நாணயம் சுண்டி, பத்தில் ஒன்று மேலே அல்லது கீழே போகும் ஒரு நடையை எடுங்கள். வர்க்கம் ஒவ்வொன்றும் நூறில் ஒன்று. நூறு துண்டையும் கூட்டினால் ஒன்று. பத்தாயிரம் துண்டாக்கி, நகர்வை நூறில் ஒன்றாக்கினாலும் கூட்டுத்தொகை அதே ஒன்று. அது மறையவே மறையாது. இந்த நடையின் எல்லைதான் பிரௌனியன் இயக்கம். மறையாத அந்த வர்க்கத்தைக் கணக்கில் சேர்ப்பதுதான் ஜப்பானியக் கணிதர் கியோசி இதோவின் சூத்திரம்.

ஒரு சோதனை. நாலு சுண்டல்: மேலே, கீழே, மேலே, மேலே. நடையின் இடங்கள் 0, 1, 0, 1, 2. ஒவ்வொரு அடியையும் அந்த அடிக்கு முன்னால் நின்ற இடத்தால் பெருக்கிக் கூட்டுங்கள்: பூஜ்யம், கழித்தல் ஒன்று, பூஜ்யம், கூட்டல் ஒன்று. மொத்தம் பூஜ்யம். பழைய கால்குலஸ் பழக்கத்தில் "இறுதி இடத்தின் வர்க்கத்தில் பாதி" என்று சொன்னால் 2 வரும்; தப்பு. வர்க்கம் 4லிருந்து அடிகளின் எண்ணிக்கை 4ஐக் கழித்துப் பாதியாக்கினால் பூஜ்யம், சரி. அந்தக் கழித்தல்தான் இதோ திருத்தம். அடிக்கு முன்னால் நின்ற இடத்தை ஏன் எடுக்கிறோம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். நடு இடத்தை எடுத்தால் பழைய சூத்திரமே செல்லும். ஸ்ட்ராட்டனோவிச் தொகையீடு அப்படிப்பட்டதுதான், இயற்பியல்காரர்களுக்குப் பிடித்தது. ஆனால் சந்தையில் எத்தனை பங்கு வைத்திருப்பது என்று விலை நகர்வதற்கு முன்னாலேயே முடிவெடுத்தாக வேண்டும். நகர்ந்த பிறகு "நான் அப்போதே வாங்கியிருந்தேன்" என்று சொல்ல முடியாது. அதனால்தான் நிதிக் கணிதம் இதோவின் பக்கம் நிற்கிறது.

கியோசி இதோ இதைச் செய்தது போர்க்கால ஜப்பானில். முதல் கட்டுரை 1942ல் ஜப்பானிய மொழியில் வந்தது. அதற்கு முன்பே, 1940 பிப்ரவரியில், பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக இருந்த வொல்ஃப்காங் டோப்ளின் என்ற இளைஞர் இதே திசையில் வெகுதூரம் போயிருந்தார். தான் எழுதியதை உறையிலிட்டு முத்திரை வைத்து பாரிஸ் அறிவியல் அகாதமிக்கு அனுப்பினார். அந்த ஜூனில், ஜெர்மன் படை நெருங்கியபோது உயிரை மாய்த்துக்கொண்டார். உறை திறக்கப்பட்டது 2000ல். பரீட்சைக்கு இது வராது. எனக்கு மட்டும், இதோ சூத்திரத்தை எழுதும்போதெல்லாம் அந்த உறை நினைவுக்கு வரும்.

நம்மூர்த் தொடர்பும் ஒன்று உண்டு. சென்னையில் 1940ல் பிறந்து, மாநிலக் கல்லூரியில் படித்து, கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, நியூயார்க்கின் கூரான்ட் நிறுவனத்துக்குப் போன எஸ். ஆர். எஸ். வரதன். 2007ல் ஏபெல் பரிசு பெற்றவர். ஸ்டொகாஸ்டிக் சமன்பாடுகளை மார்ட்டிங்கேல் வழியாகவே வரையறுக்கும் முறையை 1969ல் ஸ்ட்ரூக்கோடு சேர்ந்து தந்தார். மிகக் குறுகிய நேரத்தில் ஒரு பரவல் எப்படி நடந்துகொள்ளும் என்ற அவருடைய 1967 முடிவு, குறுகிய கால ஆப்ஷன்களுக்கான வாலட்டிலிட்டித் (விலை எவ்வளவு ஆடுகிறது என்ற அளவு) தோராயங்களில் இன்றைக்கும் எட்டிப்பார்க்கும்.

கணக்கு புரிந்துவிட்டால் நிரல் தானாக வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். நான் சூடுபட்டது அங்கேதான். முதல் வருடப் புராஜெக்டுக்கு ஹெஸ்டன் மாடலை எடுத்தேன். 1993ல் வந்தது, விலை மட்டுமல்ல, விலையின் வேரியன்ஸும் (வாலட்டிலிட்டியின் வர்க்கம்) தற்செயலாக ஆடும், அதன் சமன்பாட்டில் ஒரு வர்க்கமூலம் இருக்கும். காகிதத்தில் வேரியன்ஸ் ஒருநாளும் பூஜ்யத்துக்குக் கீழே போகாது. கணினியில் நேரத்தைத் துண்டாக்கினால் போகும். ஒரு பெரிய சமவாய்ப்பு எண் விழுந்தாலே போதும். எதிர் எண்ணுக்கு வர்க்கமூலம் கேட்டால், "எண் அல்ல" என்பதைக் குறிக்க கணினி ஒரு மூன்றெழுத்தைக் காட்டும். அதைத் தமிழில் எழுத்துக்கூட்டினால் "நான்" என்று வரும். திரை முழுக்க நான், நான், நான். எதிர்க்குறியை அடித்துவிட்டு நேர் எண்ணாக்கினேன், விலை வந்தது, மகிழ்ச்சியாகச் சமர்ப்பித்தேன். வழிகாட்டி கேட்டது ஒரே கேள்வி: "இந்தத் திருத்தம் விலையை எவ்வளவு நகர்த்தியது?" ஹெஸ்டனுக்கு ஃபூரியே வழியில் கிட்டத்தட்ட மூடிய சூத்திரம் உண்டு. அதோடு ஒப்பிட்டபோது என் எண் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு விலகி நின்றது. பாதைகளைப் பத்து மடங்காக்கியும் விலகல் குறையவில்லை, ஏனென்றால் அது சமவாய்ப்புப் பிழையே இல்லை. வேரியன்ஸை எதிரிலேயே விட்டுவிட்டு, சமன்பாட்டில் அதைப் பயன்படுத்தும் இடத்தில் மட்டும் பூஜ்யமாக எடுத்துக்கொண்டபோது பெரும்பகுதி சரியானது.

மான்டி கார்லோவில், அதாவது சமவாய்ப்புப் பாதைகள் பலவற்றைக் கணினியில் ஓட்டிச் சராசரி எடுக்கும் முறையில், இரண்டு வகைப் பிழை உண்டு என்பதை அன்றுதான் நிஜமாகப் படித்தேன். பாதைகளைக் கூட்டினால் குறைவது ஒன்று. அதுவும் மெதுவாகத்தான், பிழையைப் பத்தில் ஒன்றாக்க நூறு மடங்கு பாதை வேண்டும். நேரத் துண்டைச் சிறிதாக்கினால்தான் குறைவது மற்றொன்று. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் வேலைக்கு வருபவர்கள் நிறையப் பேர். நான் இப்போது இருப்பது மாடல் வேலிடேஷன் பிரிவில். மற்றவர்கள் கட்டிய மாடலில் ஓட்டை தேடுவதுதான் சம்பளத்துக்கான வேலை, அதனால் கொஞ்சம் கசப்போடு சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாடல் உலகத்தோடு மோதும் இடங்களையும் படிப்பின் பாதியிலேயே தெரிந்துகொள்வது நல்லது. ஆப்ஷனுக்கு விலை சொல்லும் பிளாக்–ஷோல்ஸ் சூத்திரத்தின் கட்டுரை வந்தது 1973ல். அதே வருடம் ஏப்ரலில் சிகாகோவில் ஆப்ஷன் சந்தை திறந்தது. ஒரே வாலட்டிலிட்டி எண்ணை எல்லா ஆப்ஷனுக்கும் போடலாம் என்பது அந்த மாடலின் கட்டளை. 1987 அக்டோபர் 19 அன்று டவ் ஜோன்ஸ் ஒரே நாளில் 22.6 சதவீதம் விழுந்தது. அதன் பிறகு பெரும் சரிவுக்குக் காப்பீடாக இருக்கும் புட் ஆப்ஷன்களின் விலை நிரந்தரமாகவே தூக்கலாக நின்றுவிட்டது. ஸ்ட்ரைக் (ஆப்ஷனில் ஒப்புக்கொண்ட விலை) மாற மாற வாலட்டிலிட்டி வரையும் வளைவுக்கு ஸ்மைல் என்று பெயர். தூப்பியரின் லோக்கல் வாலட்டிலிட்டி, ஹெஸ்டன், பிறகு வந்த ரஃப் வாலட்டிலிட்டி எல்லாம் அந்த வளைவைத் துரத்திப் போனவைதான். ஷோல்ஸும் மெர்ட்டனும் 1997ல் நோபல் வாங்கினார்கள். அவர்கள் பங்குதாரர்களாக இருந்த எல்.டி.சி.எம். நிதியம் அடுத்த வருடமே கவிழ்ந்து, வங்கிகள் கூடி சுமார் 360 கோடி டாலர் போட்டுத் தாங்க வேண்டியிருந்தது. அதற்காகச் சூத்திரம் தப்பு என்று சொல்லிவிட முடியாது. எந்த அனுமானத்தின் மேல் எவ்வளவு கடனை அடுக்கினார்கள் என்பதுதான் பிரச்சினை.

எனக்கு மிகவும் பிடித்த மோதல் வேறு. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் மே மாத ஒப்பந்தம் பேரலுக்குக் கழித்தல் 37.63 டாலரில் முடிந்தது. விலையின் லாகரிதத்தை எடுக்கும் எல்லா மாடலும் அங்கே படுத்துவிட்டது. எதிர் எண்ணுக்கு ஏது லாகரிதம்? இரண்டே நாளில் சிகாகோவின் சி.எம்.இ. சந்தை, எண்ணெய் ஆப்ஷன்களுக்கு பாஷிலியே மாடலுக்கு மாறியது. லூயி பாஷிலியே 1900ல் பாரிஸில் சமர்ப்பித்த ஆய்வேடு அது. தேர்வாளர்களில் ஒருவர் புவான்கரே. விலை எதிராகவும் போகலாமே என்பதுதான் அந்த மாடலின் பெரிய குறை என்று பல வருடம் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தோம்.

இனி எங்கே சேர்வது. மேலோட்டமாக இரண்டு பாதை. ஒன்று தொழில்முறை முதுநிலை: கார்னகி மெலன் 1994ல் தொடங்கிய மாதிரி, ஆக்ஸ்ஃபோர்டின் ஒரு வருடப் படிப்பு மாதிரி. பாடம் அடர்த்தி, கட்டணம் பெரிது, நேர்முகத் தேர்வை நோக்கியே எல்லாம் நகரும். கடன் வாங்கிச் சேர்வதென்றால், அந்தப் படிப்பின் முந்தைய மாணவர்கள் எங்கே வேலையில் இருக்கிறார்கள் என்று விசாரிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். இன்னொன்று கணிதத்துறைக்குள்ளேயே இருக்கும் நிகழ்தகவுப் பாதை. பாரிஸில் நிக்கோல் எல் கருயி பெயரோடு சேர்த்தே சொல்லப்படும் 'நிகழ்தகவும் நிதியும்' முதுநிலை இந்த வகை. 1990 வாக்கில் தொடங்கியது. அங்கே படித்தவர்களை உலகின் பெரிய வங்கிகளின் டெரிவேட்டிவ் (ஆப்ஷன் போன்ற ஒப்பந்தங்கள்) மேசைகளில் எல்லாம் பார்க்கலாம். உங்கள் அனாலிசிஸ் அடித்தளத்துக்கு இரண்டாவது வகை பொருந்தும் என்று எனக்குப் படுகிறது. பிஎச்டி எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் சந்தேகமே வேண்டாம். இந்தியாவிலேயே இருந்து நிகழ்தகவில் முதலில் ஆழமாகப் போய்விட்டு, நிதியைப் பிறகு சேர்த்துக்கொள்வதும் நல்ல வழிதான். இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு இந்தத் துறையில் இருக்கும் பாரம்பரியம் உலகமறிந்தது.

பாடத்திட்டத்தைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். வட்டி விகித மாடல் பாடம் இன்னும் லைபாரை (வங்கிகள் தங்களுக்குள் கடன் கொடுப்பதற்கான பழைய அளவுகோல் வட்டி) மையமாக வைத்தே நடந்தால், குறிப்புகளை யாரும் புதுப்பிக்கவில்லை என்று பொருள். டாலர் லைபார் 2023 ஜூனோடு முடிந்துவிட்டது. இப்போது சோஃபர் போன்ற ஒருநாள் விகிதங்கள்தான். இயந்திரக் கற்றல் பாடம் இருக்கிறதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இருக்கட்டும், நல்லதுதான். கெடுவுக்கு முன் எப்போது வேண்டுமானாலும் பயன்படுத்தக்கூடிய அமெரிக்க வகை ஆப்ஷனுக்கு லாங்ஸ்டாஃபும் ஷ்வார்ட்ஸும் 2001ல் சொன்ன முறை அடிப்படையில் ரிக்ரஷன்தானே. ஆனால் அந்த ரிக்ரஷன் தோராயப்படுத்துவது எதை? மறுபடியும் நிபந்தனை எதிர்பார்ப்பைத்தான்.

பைதான் போதுமா என்ற கேள்வி மிச்சம். படிப்புக்குப் போதும். பல வங்கிகளின் உள் நூலகங்கள் சி பிளஸ் பிளஸில் இருக்கும், அதை வேலைக்குப் போய்க் கற்றுக்கொள்ளலாம். விண்ணப்பம் போடும் முன் மூன்று மாதம் கையில் இருந்தால் இப்படிச் செலவிடுங்கள். முதல் மாதம் மேலே போட்ட இரண்டு வாய்ப்புக் கணக்கை ஐம்பது படிகளுக்கு நிரலாக்கி, விடை பிளாக்–ஷோல்ஸ் எண்ணை நெருங்குவதைப் பாருங்கள். அது ஒரேயடியாக நெருங்காது; படி எண்ணிக்கை ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதற்கேற்ப மேலும் கீழுமாக ஆடி ஆடித்தான் வரும். ஏன் என்று யோசியுங்கள். அடுத்த மாதம், நிஃப்டி ஆப்ஷன் விலைகளை தேசியப் பங்குச்சந்தையின் தளத்திலிருந்து ஒருநாள் எடுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் வாலட்டிலிட்டியைப் பின்னோக்கிக் கணக்கிட்டு ஸ்மைலை நீங்களே வரையுங்கள். நிஃப்டி ஆப்ஷன் ஐரோப்பிய வகை, அதாவது கெடு நாளில் மட்டுமே பயன்படுத்தக்கூடியது, அதனால் சூத்திரம் நேராகப் பொருந்தும். வியாபாரமே நடக்காத ஸ்ட்ரைக்குகளின் பழைய விலைகளை அப்படியே எடுத்துவிடாதீர்கள், வளைவு பல்லிளிக்கும். மூன்றாவது மாதம் நிரலை மூடிவைத்துவிட்டு, நிபந்தனை எதிர்பார்ப்பு, மார்ட்டிங்கேல் பற்றி ஐம்பது கணக்குகள் பேனாவால் போடுங்கள். இந்த மூன்றில் எந்த மாதம் நேரம் போனதே தெரியவில்லையோ, அதை உங்கள் நோக்க அறிக்கையின் முதல் பத்தியில் எழுதலாம்.